கெளுத்தி மீனைப் பாடம் செய்வதிலுள்ள இடர்ப்பாடுகள்

அரும்பொருட்காட்சி சாலைகளுக்குச் செல்லும் மாணவர்கள் புலியின் முன்னும் கழுகின் முன்னும் நெடுநேரம் நிற்பதையும், மீன்கள் வைக்கப்பட்டுள்ள கூடத்தை விரைவில் கடந்து செல்வதையும் எவரும் காணலாம். இதற்கு மாணவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. புலியின் உருவம் உயிருள்ளது போலவே நிற்கின்றது; மீனோ பெரும்பாலும் சுருங்கிப் பழுப்பேறி, துடுப்புகள் ஒடிந்து, வார்னிஷ் பூசிய மரக்கட்டையைப் போலக் காணப்படுகின்றது. அம்மீன்களுள்ளும் மிக மோசமான நிலையில் இருப்பது எது என்று பார்த்தால், அது அநேகமாகக் கெளுத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மீனாகவே இருக்கும். இஃது ஏன் என்பதையும், இதனைத் தவிர்க்க இயலுமா என்பதையும் அறிந்து கொள்வது, மாதிரிகளைச் சேகரித்து அனுப்பும் களப் பணியாளர்களுக்கும், பள்ளிகளில் சிறு காட்சிப் பேழைகளை அமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் பயன்படும்.

இறந்த பிராணியின் தோலைக் கெடாமல் பதப்படுத்தி, அதற்கு உயிருள்ள உருவத்தை மீண்டும் அளிக்கும் கலையைத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்று வழங்குவர். நம் நாட்டிற்கு இது முற்றிலும் புதியதன்று. கன்று இறந்துவிட்ட பசு பால் சுரப்பதற்காக, அக்கன்றின் தோலினுள் வைக்கோலை அடைத்துத் தோற்கன்று செய்து பசுவின் அருகே நிறுத்தும் வழக்கம் கிராமங்களில் இருந்து வந்தது. எனினும், பசுவை ஏமாற்றுவதற்குப் போதுமான வேலை விலங்கியல் மாணவனுக்குப் போதாது. பழங்காலத்துப் பாடக்காரர்கள் தோலைப் பைபோல் கருதி உள்ளே பஞ்சையும் மரத்தூளையும் திணித்தனர். இன்று அவ்வாறு செய்வதில்லை. முதலில் பிராணியின் உடலுக்குரிய அளவில் ஓர் உருவம் மரத்திலோ, காகிதக் கூழிலோ, இக்காலத்தில் பெரும்பாலும் பாலியூரிதேன் என்னும் நுரைப் பொருளிலோ செதுக்கப்படுகின்றது. அதன் மீது தோல் போர்த்தப்படுகின்றது. ஆகவே, இது திணிக்கும் வேலையன்று, போர்த்தும் வேலையாகும்.

மீனைப் பொறுத்தவரையில் பொது முறை வருமாறு: காட்சிக்குரிய பக்கமாக இடப் பக்கத்தைக் கொள்வது வழக்கம். வலப் பக்கத்தில் தலையிலிருந்து வால் வரை கத்தரித்து, தோலைத் தசையிலிருந்து பிரித்து, துடுப்புகளின் அடி எலும்புகளை உட்புறமாகவே வெட்டி, உடலை வெளியே எடுத்துவிடுவர். தலையோட்டைத் தோலுடன் சேர்த்தே வைத்துக்கொண்டு, செவுள், கண், மூளை, கன்னத் தசை ஆகியவற்றை அகற்றுவர். பின்னர்த் தோலை வெண்காரக் கரைசலில் ஊற வைத்து, செதுக்கிய உருவத்தின் மீது பசையிட்டுப் போர்த்தித் தைத்து, துடுப்புகளை அட்டைத் துண்டுகளுக்கிடையே விரித்துக் குண்டூசியால் பிணைத்து, நிழலில் பல வாரங்கள் உலர விடுவர். உலர்ந்த மீனில் இயற்கை நிறம் எதுவும் எஞ்சுவதில்லை. காட்சிச்சாலையில் நாம் காணும் நிறம் முழுவதும் தூரிகையின் வேலையே. ரோகு, கட்லா போன்ற கெண்டை இன மீன்களில் இம்முறை ஓரளவு எளிதில் கைகூடும். தடித்த தோலும் அதன் மேல் ஓடுகளைப் போல அடுக்கப்பட்ட செதில்களும் உள்ளே இருக்கும் மேடு பள்ளங்களை மறைத்துவிடுகின்றன. புதிதாகப் பழகுபவர் இவற்றிலேயே கை பழகுதல் நன்று.

கெளுத்தி இனத்தில் இவ்வுதவி கிட்டுவதில்லை. உலகெங்கும் 3,000க்கு மேற்பட்ட வகைகளைக் கொண்ட இப்பெரும் வரிசையில் நம் நாட்டு வாளை, கெளுத்தி, தேளி, வங்காளத்தில் மாகுர் என வழங்கும் மீன், மலையாறுகளின் பாறைகளில் வாழும் பெரிய பாகேரியஸ் ஆகியன அடங்கும். இவற்றிற்குச் செதில் கிடையாது. மெல்லிய வழுவழுப்பான தோலும் அதன் மேல் கோழைப் படலமும் மட்டுமே உண்டு. உள்ளே உருவத்தைச் செதுக்கியதில் ஓர் அரிசி அளவு பிழையிருப்பினும் அது தோலின் மேல் தெரிந்துவிடும். வயிற்றுப் பகுதியில் தோல் மிக மெல்லியதாதலால் உரிக்கும்போதே கிழிந்து போகும். உலரும்போது ஈரம் வெளியேறுவதால் தோல் சுருங்குகின்றது. வெயிலில் உலர்த்த முனைந்தால் வெடிக்கவும் செய்கின்றது. கோழையை அகற்றாமல் வேலையைத் தொடங்கினால் அது பின்னர் வெண்மையான தூசிப் படலம் போல் உறைந்து, எந்த வர்ணத்தையும் ஏற்க மறுக்கும். ஆதலால் படிகாரம் கரைத்த நீரில் மீனைக் கைகளால் மென்மையாகத் தடவிக் கழுவுதல் முதல் வேலையாகும். துணியாலோ நாராலோ தேய்த்தல் கூடாது; மேல்தோலும் அதனுடன் நிறமும் உரிந்து வந்துவிடும்.

தலையைப் பற்றித் தனியே கூற வேண்டும். கெளுத்தியின் தலை அகன்று தட்டையானது. மேற்பகுதியில் எலும்புத் தகடுகளுக்கும் தோலுக்கும் இடையே தசை மிகக் குறைவு. தோல் எலும்போடு ஒட்டியிருப்பதால் அதை உரிக்க முயல்வது வீண். உரிக்காமல் விட்டாலோ, உலர்ந்த பின் தோல் எலும்பின் மீது இறுகி, ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் தனித்தனியே எழுந்து தெரிகின்றது. உயிருடன் இருக்கையில் பாலிஷ் செய்த கல்லைப் போல் இருந்த தலை, ஒரு திங்களில் மண்டையோடாக மாறிவிடுகின்றது. அதோடு, பெரிய மீன்களின் தலையெலும்புகளில் எண்ணெய் தங்கியிருக்கும். அது ஆண்டுக்கணக்கில் கசிந்து வெளியே வந்து, வர்ணத்தை மஞ்சளாக்கித் தூசியைப் பிடித்துக் கொள்ளும். கொழுப்பைக் கரைக்கும் எண்ணெய்களில் தலையை நெடுநாள் ஊற வைத்துப் பாடம் செய்வோர் உண்டு. அவ்வெண்ணெய்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால் பள்ளிகளில் இதனை ஒருபோதும் மேற்கொள்ளலாகாது.

இவையெல்லாம் தோற்றத்தைப் பற்றிய குறைகள். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதனைப் புரிந்துகொள்ள, இம்மீன்களை விலங்கியலார் எவ்வாறு அடையாளம் காண்கின்றனர் என்பதை நினைவு கூர வேண்டும். மீசைகள் எத்தனை இணை, அவை எதுவரை நீளுகின்றன, முதுகில் கதிர்களற்ற கொழுப்புத் துடுப்பு உண்டா, அது எவ்வளவு நீளம், வாயின் பிளவு கண்ணைக் கடந்து செல்கின்றதா ஆகிய கேள்விகளுக்கான விடைகளே ஒரு வகையை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. பாடம் செய்யும்போது முதலில் அழிவனவும் இவ்வுறுப்புகளேயாம். மீசை உலர்ந்து நூலைப்போல் சுருண்டு, தூசி தட்டும் முதல் நாளிலேயே ஒடிந்து விழுகின்றது. கொழுப்புத் துடுப்பில் கதிர் எதுவும் இல்லாமையால் அது காய்ந்த இலையைப் போல மடிந்து முதுகோடு ஒட்டிக் கொள்கின்றது. வாயின் ஓரத்துத் தோல் பின்னோக்கி இழுபட்டு வாய்ப்பிளவின் நீளத்தையே மாற்றிவிடுகின்றது.

கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் கிடைக்கும் ஸ்பெராட்டா இனத்தின் இரு பெரிய கெளுத்திகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஒன்று வங்காளத்தில் ஆர் என வழங்கும் ஸ்பெராட்டா ஆவொர்; மற்றொன்று ஸ்பெராட்டா சீங்காலா. இரண்டிற்கும் நான்கு இணை மீசைகள் உண்டு. இரண்டிற்கும் கொழுப்புத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்பொட்டு உண்டு. ஆனால் முன்னதன் மேல்தாடை மீசைகள் வாலின் அடிவரை நீளுவன. பின்னதன் மீசைகள் அவ்வளவு நீளுவதில்லை. மீசை ஒடிந்துபோன ஒரு மாதிரியைக் கொண்டு மாணவன் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் எவ்வளவு இடர்ப்படுவான் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவ்வாறே வாளையின் குஞ்சும், பாப்தா என வழங்கும் ஒம்பாக் இன மீனும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிற்கும் மீசைகள் இரண்டு இணையே. இரண்டிற்கும் குதத் துடுப்பு மிக நீளம். இரண்டிற்கும் கொழுப்புத் துடுப்பு இல்லை. வாளையில் வாய்ப்பிளவு கண்ணைக் கடந்து பின்செல்லும். மற்றதில் அவ்வாறு செல்வதில்லை. வாயோரத் தோல் இழுபட்ட மாதிரியில் இந்த அடையாளமும் போய்விடுகின்றது. நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்க மாகுரை நம் நாட்டு மாகுரிலிருந்து பிரித்துக் காட்டுவது களப் பணியாளர்களின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகிவிட்ட இக்காலத்தில், தவறான மாதிரி ஒன்று பேழையில் இருப்பதைவிட, மாதிரியே இல்லாதிருப்பது மேல் எனலாம்.

ஒடிந்த மீசைக்குப் பதிலாக மெல்லிய கம்பியின் மீது மெழுகைப் பூசிச் செய்த மீசையைப் பொருத்துவது பாடக்காரரின் வழக்கம். இதில் தவறில்லை, உண்மையில் கெளுத்தியைப் பொறுத்தவரை இதுவே சிறந்த முறை. ஆனால் மீன் புதிதாக இருக்கும்போதே ஒவ்வொரு மீசையின் நீளத்தையும், அது தோன்றும் இடத்தையும் அளந்து எழுதி வைத்தவருக்கே இது பொருந்தும். ஆண்டுகள் பல கழித்து, பழைய மாதிரியைச் செப்பனிடுபவர் தம் மனத்திற்குத் தோன்றியவாறு மீசைகளை நட்டுவிட்டால், உலகில் எந்த ஆற்றிலும் நீந்தாத ஒரு புதிய மீன் காட்சிச்சாலையில் பிறந்துவிடும். கொழுப்புத் துடுப்பையும் இவ்வாறே மெழுகில் செய்து பொருத்துவது உண்டு. இயற்கைத் துடுப்பையே காக்க விரும்புவோர், உட்புறமாக அதனை இரண்டாகப் பிளந்து கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய அட்டையை இடையே வைத்து உலர்த்துவர். பொறுமை மிகுந்தோர்க்கே இது கைவரும்.

முட்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. பெரும்பாலான கெளுத்திகளில் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் வலுவான முள் ஒன்றுண்டு. மார்பு முள்ளின் ஓரம் ரம்பத்தைப் போல் பல்லுடையது. இம்முள்ளை மீன் விரித்து நிறுத்தும்போது அதன் அடிப்பகுதி மூட்டினுள் இறுகிப் பூட்டிக் கொள்ளும். இறந்த பிறகும் இப்பூட்டு விடுவதில்லை. அறியாதவர் பலங்கொண்டு மடக்கினால் முள் ஒடியுமேயன்றி மடங்காது. அடியைச் சற்றே திருகிப் பின்னர் மடக்க வேண்டும். தேளியின் மார்பு முள் நஞ்சுடையது. இறந்த மீனின் முள் குத்தினாலும் கடுமையான வலி உண்டாகும். குத்துண்டவரின் கையைத் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில், அதாவது ஏறத்தாழ 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாத நீரில் அமிழ்த்தி வைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இவ்வளவு தொல்லைகள் இருப்பதாலேயே, செதிலற்ற மீன்களுக்குத் தோலைக் கைவிட்டு வார்ப்பு முறையை மேற்கொள்வோர் பெருகியுள்ளனர். பள்ளிகளுக்கும் இதுவே ஏற்றது. கோழை நீக்கிய புதிய மீனை ஈர மணலில் பாதி புதைத்து, இடப் பக்கம் மேலே தெரியுமாறு கிடத்தி, துடுப்புகளுக்கு அடியில் களிமண்ணால் முட்டுக் கொடுத்து, அதன் மேல் பாரிஸ் சாந்தை ஊற்ற வேண்டும். சாந்து இறுகியதும் மீனை எடுத்துவிட்டால் அச்சு கிடைக்கும். அச்சின் உட்புறம் சவர்க்காரக் கரைசலைப் பூசி, மீண்டும் சாந்தை வார்த்தால் மீனின் உருவம் சுருங்காமல், தலை மண்டையோடாகாமல், தோலின் நுண்ணிய மடிப்பும் பக்கக் கோடும் தெரியுமாறு அமைந்துவிடும். பெரிய காட்சிச்சாலைகள் சாந்துக்குப் பதிலாகக் கண்ணாடியிழையும் ரெஸினும் பயன்படுத்துகின்றன. மீசைகள் மட்டும் அச்சில் பதியா. அவற்றைத் தனியே செய்து ஒட்ட வேண்டும். மாணவர்கள் பலர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது, மீனும் வீணாவதில்லை. அச்செடுத்த பின் அதனைக் குப்பியில் இட்டுக் காக்கலாம்.

மீனின் ஒரு பக்கத்தை மட்டும் காப்பது புதிய எண்ணமன்று. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்து கிரனோவியஸ் என்பவர், மீனின் பாதித் தோலைச் செடிகளை அழுத்துவது போல அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டும் முறையை 1742இல் வெளியிட்டார். லின்னேயஸின் சேகரிப்பிலும் இவ்வகைத் தோல்கள் உள்ளன. அவை இன்றும் லண்டனில் லின்னேயன் கழகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் பிளாக் என்பார் உலர்தோல்களையும் சாராயத்தில் இட்ட மீன்களையும் பெருமளவில் சேர்த்தவர். தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜான் என்ற சமயத் தொண்டர் அவருக்குத் தமிழகத்துக் கடற்கரையிலிருந்து மீன்களை அனுப்பி வந்தார். நம் தேளிக்கு 1794இல் பிளாக் விஞ்ஞானப் பெயர் சூட்டியதும் தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டேயாகும். அச்சேகரிப்பு பெர்லின் நகரத்தில் காக்கப்பட்டு வருகின்றது. கைக்கு எளிய முறையாயினும் கவனத்துடன் செய்யப்பட்டால் எவ்வளவு காலம் பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கவனத்துடன் செய்தும் ஈடு செய்ய முடியாத இழப்பு நேர்ந்ததுண்டு. 1938ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திற்கு வந்த ஒரு படகில், ஒன்றரை மீட்டர் நீளமுள்ள விந்தையான மீன் ஒன்றை உள்ளூர்க் காட்சிச்சாலையைச் சேர்ந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அம்மையார் கண்டார். கோடையின் வெப்பம், குளிர்பதன வசதி கிட்டவில்லை, பார்மலினும் போதவில்லை. மீன் அழுகத் தொடங்கவே அதனைப் பாடம் செய்ய நேர்ந்தது. மீனியல் அறிஞர் ஸ்மித் 1939 பிப்ரவரியில் வந்து, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப் போனதாகக் கருதப்பட்ட ஸீலகாந்த் அது என்று உறுதி செய்தபோது, தோலும் தலையோடும் மட்டுமே இருந்தன, உள்ளுறுப்புகள் எறியப்பட்டுவிட்டன. அடுத்த மீன் கிடைக்க 1952ஆம் ஆண்டு வரை, பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மையாரின் செயலைக் குறை கூறுவார் எவருமில்லை. அவர் இல்லையேல் தோலும் கிடைத்திராது. ஆயினும், பாடம் செய்த மீன் என்பது மீனின் மேலுறையே என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது. 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை போன்ற நிலையங்கள் ஆராய்ச்சிக்குரிய மீன்களைப் பாடம் செய்யாமல், பார்மலினில் நிலைப்படுத்திச் சாராயத்தில் முழுமையாகக் காத்து வருவதன் காரணம் இதுவே.

பழைய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாடம் செய்யப்பட்ட மாதிரிகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கையாளும் ஆசிரியர்கள் ஒன்றை அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸின் மெட்ஸ் நகரத்து மருந்தாளரான பெக்கோர் என்பவர், வெள்ளைப் பாஷாணத்தைச் சவர்க்காரத்துடன் கலந்து தோலின் உட்புறம் பூசும் முறையைக் கண்டார். பூச்சிகள் அணுகாததால் அம்முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகெங்கும் நீடித்தது. அப்பாஷாணம் காலத்தால் வலிமை குன்றுவதன்று. தையல் வழியே வெண்பொடியாக வெளிவரும். ஆகவே, பழைய மாதிரிகளை மாணவர் கையில் கொடுத்தலும், துடைப்பத்தால் தூசி தட்டுதலும் கூடாது. கையுறையும் முகக் கவசமும் அணிந்து, கண்ணாடிப் பேழையினுள் வைத்துப் பூட்டிவிடுதல் நன்று. பார்மலினும் தீங்கற்றதன்று. அதிலுள்ள பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருளென உறுதி செய்யப்பட்டுள்ளதாதலால், வகுப்பறையில் குப்பியைத் திறந்து காட்டுதல் தவிர்க்கத் தக்கது. மேலும், 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் கண்ட பிராணிகளை அனுமதியின்றிப் பாடம் செய்வதும் வைத்திருப்பதும் குற்றமாகும். திமிங்கிலச் சுறா போன்ற சில மீன்களும் அவ்வட்டவணையில் இடம்பெற்றுள்ளன.

களப் பணியாளர்களிடமிருந்து மீனைப் பெறும் நிலையங்களின் வேலை, மீன் வந்து சேரும் நிலையைப் பொறுத்ததாகும். பெரிய கெளுத்தி ஒன்று கிடைத்தால், முதலில் அதன் நிறங்களை எழுதிக்கொள்ள வேண்டும். நீரை விட்டு வந்த ஒரு மணி நேரத்தினுள்ளேயே அவை மாறத் தொடங்கும். வண்ணப் புகைப்படம் எடுத்தாலும் எழுத்துக் குறிப்பைக் கைவிடலாகாது. நிழலில் எடுத்த படமும் வெயிலில் எடுத்த படமும் ஒரே மீனை இரு மீன்களாகக் காட்டக் கூடும். பின்னர் மீசைகளின் நீளத்தை அளந்து, அவற்றை உடலோடு சேர்த்துப் பின்னோக்கிப் படிய வைத்து, முட்களை மடக்கி, ஈரத் துணியால் முழு மீனையும் சுற்ற வேண்டும். சாக்கில் வளைத்துத் திணித்த மீன் எந்தக் கைவினைஞராலும் நிமிராது. பலகையின் மீது நேராகக் கிடத்திப் பனிக்கட்டியில் வைத்தே அனுப்ப வேண்டும். பார்மலினில் இடுவதாயின், பத்து விழுக்காட்டுக் கரைசலை வயிற்றினுள் ஊசியால் செலுத்துவதுடன், வலப் பக்கத்தில் சிறிது கீறிவிடுதலும் அவசியம். இல்லையேல் தோல் நன்றாயிருக்க உள்ளே அழுகிவிடும்.

ஆற்றின் பெயர், இடம், நாள், நீளம், எடை, பிடித்த வலையின் வகை, அவ்வூர் மீனவர் அம்மீனுக்கு வழங்கும் பெயர் ஆகியவற்றைத் தடித்த தாளில் பென்ஸிலால் எழுதி உடன் கட்டுவது முறையாகும். சாதாரண மை சாராயத்தில் கரைந்து போகும். மற்ற மீன்களுக்குச் சீட்டைச் செவுளின் வழியே நூல் கோத்துக் கட்டுவர். கெளுத்திக்கு மட்டும் வாலின் அடியிலேயே கட்ட வேண்டும். செவுளில் கட்டிய நூல் போகும் வழியில் மீசையையும் சுற்றிக்கொண்டு அறுத்துவிடும்.